வீட்டில் உண்ணியா? நாயிலிருந்து சுவர்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். ஒரு மாசிக் காலையில் தாளைக் கிழிக்கப் போனபோது, அட்டையின் ஓரத்திலிருந்து கடுகைவிடச் சின்னதாக ஏதோ வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. எறும்பென்று நினைத்து ஊதினேன். சிதறவில்லை, ஓடவும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கத் தவிட்டைத் தூவியதுபோல உண்ணிக் குஞ்சுகள்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் எங்கள் நாய் மணியை உண்ணி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, காது மடலிலும் விரல் இடுக்கிலும் இருந்த முப்பது நாற்பது உண்ணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தொல்லை விட்டது என்று இருந்தோம். நாயைச் சுத்தம் செய்தால் போதும் என்பதுதான் நாங்கள் செய்த தப்பு. பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் அதுதான். உண்ணிக்கு நாய் சாப்பாட்டு மெஸ். குடியிருப்பது நம் வீட்டுச் சுவரில்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர் வீடுகளில் நாயோடு வருவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. அறிவியல் பெயர் ரிப்பிசெஃபாலஸ் சாங்குனியஸ். பசியோடிருக்கும்போது தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். பெண் உண்ணி வயிறு முட்ட ரத்தம் குடித்தால் சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதைபோல உருண்டுவிடும். ஆமணக்கின் அறிவியல் பெயரில் உள்ள 'ரிசினஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருளே உண்ணிதான். விதையைப் பார்த்த எல்லா ஊர்க்காரர்களுக்கும் ஒரே நினைப்புதான் வந்திருக்கிறது போல.

இதைத் தெள்ளுப்பூச்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தெள்ளு துள்ளும். உண்ணி குதிக்காது, பறக்காது, மரத்திலிருந்து தலையில் விழவும் செய்யாது. நடந்து வரும், அவ்வளவுதான்.

அது வாழும் முறையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால். அது நாய்மேல் ஏறி சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். இடுக்கில் ஒளிந்து தோலுரித்து எட்டுக் கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், தோலுரித்துப் பெரிய உண்ணியாகும். மூன்றாம் முறையும் ஏறும். பெண் உண்ணி ஒரு வாரம்போல ஒட்டிக் கிடந்து, பெருத்து, கீழே விழுந்து, சுவரேறி ஏதாவது விரிசலில் முட்டையிட்டுச் செத்துப்போகும். ஒரே உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாலாயிரம்வரைகூடப் போகும்.

ஆக மூன்று முறை ஏற்றம், மூன்று முறை இறக்கம். இடைப்பட்ட நாளெல்லாம் சுவரில்தான். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து பெரிய உண்ணிவரை இரண்டு மாதம், மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். தீனி கிடைக்காவிட்டாலும் பெரிய உண்ணி ஒரு வருடத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடந்து காத்திருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இணையத்தில் உண்ணி பற்றித் தேடினால் புல்தரையை வெட்டுங்கள், மான் வராமல் வேலி போடுங்கள், தோட்டத்து ஓரத்தில் மரத்தூள் கொட்டுங்கள் என்று வரும். அது அமெரிக்காவின் மான் உண்ணிக்குச் சொன்னது. அந்த உண்ணி ஈரமான காட்டோரச் சருகில் வாழ்வது, வறண்ட வீட்டுக்குள் ரொம்ப நாள் தாங்காது. நம் நாய் உண்ணியோ நான்கு சுவருக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பேரன் பேத்தி எடுக்கும். அதனால் முதலில் சுவரைப் பார்ப்போம், புல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: நாயைப் பொறியாக மாற்றுங்கள்

உண்ணி வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் நாயை வெளியே கட்டுவது, அல்லது தோட்டத்து வீட்டில் கொண்டுபோய் விடுவது. எங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் நாய் போய்விட்டால் சுவரில் பசியோடு இருக்கும் உண்ணிகளுக்கு மிச்சம் இருப்பது நாம்தான். பழுப்பு உண்ணிக்கு மனித ரத்தம் அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் பசிக்கும்போது நம்மையும் கடிக்கும்.

அதற்குப் பதில் நாயை வீட்டிலேயே வைத்து, அதன் ரத்தத்தையே உண்ணிக்கு விஷமாக்கிவிடலாம். எலிப்பொறியில் மசால்வடை வைப்பது மாதிரி. இன்று கால்நடை மருத்துவர்கள் எழுதித் தரும் மெல்லும் மாத்திரைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அஃபாக்ஸோலனர் உள்ள நெக்ஸ்கார்டு மாதம் ஒன்று. சாரோலனர் உள்ள சிம்பரிக்கா 35 நாளுக்கு ஒன்று. ஃப்ளூராலனர் உள்ள ப்ராவெக்டோ பொதுவாக 12 வாரத்துக்கு ஒன்று, உண்ணி வகையைப் பொறுத்து மருத்துவர் இடைவெளியைக் குறைப்பார். விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் ஷாம்பு, பவுடர், ஸ்ப்ரே என்று நாங்கள் வீணாக்கிய பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது மாத்திரையே மலிவு.

மாத்திரை கொடுத்த அடுத்த நாளும் நாய்மேல் உண்ணி இருக்கும். பதறாதீர்கள். உண்ணி கடித்துக் குடித்தால்தான் மருந்து அதன் உடம்புக்குள் போகும். அப்புறம் ஒன்றிரண்டு நாளில் சாகும். வீட்டுச் சுவரில் இன்னும் ஆயிரம் இருக்கும்போது, புதிதாக ஏறுவது நாய்மேல் தெரியத்தான் செய்யும். இரண்டாம் வாரம் நாலு உண்ணி பார்த்துவிட்டு மருந்து சரியில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பொறியில் எலி விழுவதைப் பார்த்துப் பொறி கெட்டுவிட்டது என்று சொல்வது மாதிரி அது.

மாத்திரை வாங்குமுன் நாயை எடை போடுங்கள், அளவு எடையைப் பொறுத்தது. வலிப்பு வந்த நாய் என்றால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த வகை மருந்து அவற்றுக்கு ஒத்துவராமல் போகலாம். குட்டிக்கும் சினை நாய்க்கும் அவரே முடிவு செய்யட்டும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

மாத்திரை வேண்டாமென்றால் ஃப்ளூமெத்ரின் சேர்ந்த கழுத்துப்பட்டை, முதுகில் விடும் சொட்டு மருந்து என்று வழிகள் உண்டு. சொட்டு மருந்து போடும்போது குளிப்பாட்டும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் நாய்க்கு மருந்து, பூனைக்கு உயிர்க்கொல்லி. அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டுவது பழைய முறை. சரியான அளவில் நீர்த்து, கையுறை போட்டு, நாய் நக்காமல் பார்த்துக்கொண்டால் பலிக்கும். ஆனால் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அவர் அதைத் தொட வேண்டாம். ஐவர்மெக்டின் ஊசியை யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிப் போடுகிறார்கள். கோலி, ஷெல்ட்டி போன்ற இனங்களில் அது மூளையைப் பாதித்துக் கொன்றுவிடும்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய்மேல் தடவுகிற கொடுமையும் நம் ஊரில் உண்டு. உண்ணிக்கு முன் நாய் சாகும். தடவியவரும் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

படி 2: சுவரில் தேடுங்கள்

இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறுவதில் ஒரு மோகம். அதனால் தரையை மட்டும் துடைத்துப் பயனில்லை. டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் படுக்கும் இடத்தை நடுவாக வைத்துக்கொண்டு அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட கோடு, சுவிட்ச் போர்டின் ஓரம், சாமி படங்களின் பின்பக்கம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, ஸ்கர்ட்டிங் டைல்ஸின் மேல் விளிம்பு, கட்டில் கால் பொருத்து, சோபாவின் அடித்துணி, கூரை ஓரம். நாய் படுக்கும் சாக்கை விரித்துப் பார்த்தால் தையலில் இருக்கும். எங்கள் வீட்டில் அதிகம் இருந்தது காலண்டருக்கும் மீட்டர் பெட்டிக்கும் பின்னால்.

முட்டைகள் கரும்பழுப்பில், ஒட்டிக்கொண்ட கேழ்வரகுக் குவியல்போல இருக்கும். கண்டுபிடித்தால் பெருக்கித் தள்ளாதீர்கள், சிதறிவிடும். அகலமான செலோடேப்பை ஒட்டி எடுத்து மடித்துவிடுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் கூர்மூக்கு மாட்டி ஒவ்வோர் இடுக்கையும் உறிஞ்சுங்கள். முடித்ததும் உள்ளே இருக்கும் குப்பையைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெளியே போட வேண்டும். இல்லையென்றால் உண்ணி உள்ளேயிருந்து ஊர்ந்து வந்துவிடும்.

நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒரு தடவை கொதிக்கும் தண்ணீரில் முக்குங்கள். சும்மா குளிர்ந்த தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது. பச்சைத் தண்ணீருக்குள் நாள்கணக்கில் உயிரோடிருக்கும் பிராணி அது. பழைய சாக்கை எரித்துவிடுவது மேல்.

அடுத்தது விரிசல் அடைப்பது. எனக்குத் தெரிந்து யாரும் செய்யாத, ஆனால் நிரந்தரமாகப் பலன் தருகிற வேலை இதுதான். ஒயிட் சிமெண்ட் கால் மூட்டை, ஒரு சின்னக் கரண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நிலை ஓரம், ஸ்கர்ட்டிங் விளிம்பு, ஆணி பிடுங்கிய ஓட்டை எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடலாம்.

மருந்தடிப்பது இதற்குப் பிறகுதான். பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிட்டால் தரையை மட்டும் நனைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அப்படித்தான். கூடவே நின்று, நிலை ஓரத்தையும் படத்தின் பின்பக்கத்தையும் காட்டி அடிக்கச் சொல்ல வேண்டும். முட்டையை மருந்து அநேகமாக ஒன்றும் செய்யாது. அது பொரியச் சில வாரமாகும். அதனால் முதல் தடவை அடித்த இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அடிக்க ஒப்பந்தத்தின்போதே பேசிவிடுங்கள். அடிக்கும்போது குழந்தைகளும் பிராணிகளும் வெளியே இருக்கட்டும், காய்ந்த பிறகு வரலாம். மீன் தொட்டியைக் கட்டாயம் அப்புறப்படுத்துங்கள். பைரித்ராய்டு வகை மருந்தின் ஒரு சொட்டும் மீனுக்கு ஆகாது.

படி 3: காலண்டரில் குறியுங்கள்

உண்ணி ஒழிப்பில் மருந்தைவிட முக்கியம் நாள் கணக்கு. மாத்திரை கொடுத்த தேதி, அடுத்த தேதி, மருந்தடித்த தேதி, துணி வேகவைத்த தேதி. நாங்கள் அதே தினசரி காலண்டரை வைத்துக்கொண்டு தாளில் எழுதினோம்.

முதல் மாதம் பெரிய உண்ணிகள் குறையும், குஞ்சுகள் குறையாது. இரண்டாம் மாதம் காலியானதுபோல இருக்கும், பிறகு ஒரு நாள் திடீரென்று மறுபடி குஞ்சு தெரியும். அதுதான் விட்டுப்போன முட்டை பொரிந்தது. அந்த இடத்தில் மனம் தளர்ந்துதான் பலர் விடுகிறார்கள். மூன்றாம் மாதத்தில்தான் உண்மையான மாற்றம் தெரியும். கடைசி உண்ணியைப் பார்த்த பிறகும் இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்களுக்கு மொத்தம் ஆறு மாதம் பிடித்தது.

வெளியே, தொழுவத்தில்

வாசலில் கிடக்கும் செங்கல் குவியல், விறகு, காய்ந்த மட்டை ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். காம்பவுண்டு சுவரின் வெடிப்பையும் பூசிவிடுங்கள். தெருநாய்கள் படுக்கும் இடம் உங்கள் கேட்டை ஒட்டியிருந்தால் உண்ணி அங்கிருந்து நடந்துவரும். அந்த நாய்களுக்கும் மாத்திரை கொடுக்க மனமும் பணமும் இருந்தால் தெருவே நன்றாக இருக்கும்.

மாடு இருந்தால் கதை வேறு. மாட்டு உண்ணி வேறு வகை. மாட்டு முதுகில் ஏறி நடக்கும் உண்ணிக்கொக்கு அதைப் பொறுக்கித் தின்பதால்தான் அந்தப் பெயரே. தொழுவத்தில் விடும் நாட்டுக்கோழியும் கொஞ்சம் உதவும். மாட்டுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைத்து, தேசிய பால்வள வாரியமும் பரப்பிவரும் மூலிகைக் கலவை ஒன்று உண்டு: பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின்மேலும் தொழுவ விரிசலிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை. இதை நாய்க்குப் பயன்படுத்தாதீர்கள், நக்கினால் பூண்டு நாய்க்கு ஆகாது. காலித் தொழுவத்தில் தீப்பீச்சி கொண்டு சுவர் விரிசலைப் பொசுக்கிச் சுண்ணாம்பு அடிப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். வைக்கோற்போர் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

நம் உடம்பில் ஏறாமல் இருக்க

நாயோடு விளையாடிவிட்டோ புதரோரம் நடந்துவிட்டோ வந்தால் உடனே குளித்து, தேய்த்துப் பாருங்கள். காதுக்குப் பின்புறம், பின்னங்கழுத்து முடியோரம், அக்குள், தொப்புள், இடுப்புக் கயிறு இறுகும் இடம், தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்பக்கம். குழந்தைக்குத் தலைமுடிக்குள் விரல்விட்டுத் தடவிப் பாருங்கள்.

காட்டோரம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறிந்த வைரஸ் காய்ச்சல், உண்ணியால் பரவுவது. குரங்குக் காய்ச்சல் என்பார்கள். 2012க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு, நீலகிரி எல்லைப் பக்கமும் தென்பட்டது. பனிக்காலத்தில் தொடங்கிக் கோடைவரை ஆபத்து அதிகம். கூடலூர், முதுமலை பக்கம் விறகுக்கோ மேய்ச்சலுக்கோ போனால் முழுக்கைச் சட்டை, வெளிர்நிற பேன்ட், பேன்ட்டின் கால் நுனி சாக்ஸுக்குள். டீட் அல்லது பிகாரிடின் உள்ள விரட்டியைத் தோலில் தடவிக்கொள்ளலாம். செத்த குரங்கைக் கண்டால் நெருங்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒட்டியிருந்தால் எடுப்பது எப்படி

சிகரெட் நெருப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். சீண்டப்பட்ட உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கும் அபாயம் உண்டு.

கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்காதீர்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே நிதானமாக இழுங்கள். சில நொடியில் விட்டுவிடும். வாயின் துணுக்கு தோலில் தங்கினால் ஊசி வைத்துக் குடையாதீர்கள், தானே வெளியேறும். கடித்த இடத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ட்வீசர் இல்லையென்றால் விரலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, பேன் குத்திய கை! அதை விட்டுவிடுங்கள். தெறிக்கும் ரத்தம் கையிலுள்ள கீறல் வழியாகவோ கண் வழியாகவோ நோயைக் கொண்டுபோகலாம். பழைய மருந்து பாட்டிலில் சானிடைசர் ஊற்றி வைத்துக்கொண்டு அதில் போடுங்கள். மண்ணெண்ணெய்க்கும் அந்த பாட்டிலுக்குள்தான் வேலை.

கடித்த பிறகு

ஒவ்வொரு கடிக்கும் மாத்திரை விழுங்கத் தேவையில்லை. தேதியைக் குறித்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவும் சிவப்புத் தடிப்பு, கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். கடித்ததையும் வீட்டில் நாய் இருப்பதையும் நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்காமல் போகலாம். நாய் உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சல் டாக்ஸிசைக்ளினுக்கு நன்றாகக் கட்டுப்படும், தாமதித்தால்தான் சிக்கல்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. செய்தித்தாளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது நாய் உண்ணி அல்ல, புதரில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம். 2025 தொடக்கத்தில் தமிழகப் பொது சுகாதாரத் துறை எச்சரித்தது இதைப் பற்றித்தான். நாயே இல்லாத வீட்டிலும் வரும், அதிலும் கறுப்புப் பொருக்கு வரும், மருந்தும் கிட்டத்தட்ட அதே. அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில் பொருக்கு இருப்பதால் கூச்சப்பட்டுக் காட்டாமல் விடுகிறார்கள். காட்டிவிடுங்கள்.

நாய்க்கும் உண்ணியால் காய்ச்சல் வரும். எர்லிக்கியா, பபீசியா இரண்டும் நம் ஊரில் சகஜம். சாப்பாட்டை ஒதுக்குவது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், சிறுநீர் காப்பி நிறம் என்றால் காத்திருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் தெரியும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக நாலு வாரம். நாய் தேறிவிட்டதென்று பத்தாம் நாள் நிறுத்தினால் திரும்ப வரும். மாத்திரை எடுக்கும் நாய்க்கும் இந்தக் காய்ச்சல் வரலாம், உண்ணி சாகுமுன் கடித்துவிடுகிறதே.

மணி இப்போது ஹாலில்தான் படுக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது நாய் விடுதியில் மூன்று நாள் விட்டோம். கூட்டி வந்ததும் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி, காது, கழுத்துப்பட்டையின் அடிப்பக்கம், விரல் இடுக்கு, வால் அடி என்று வரிசையாகப் பார்த்தேன். காதுக்குள் ஒன்று இருந்தது. பாட்டிலில் போட்டுவிட்டுக் காலண்டரில் தேதி எழுதினேன்.